உப்புத் தண்ணீரில் வரைந்த அம்மா

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சொர்ணக்கனிக்குப் பயம். யாராவது கேட்டால், "எனக்குச் சரியாச் சொல்ல வராது, டீச்சர்ட்ட கேளுங்க" என்று நழுவிவிடுவாள். முக்கியமானது நடந்தபோது அவள் அங்கே இல்லை. குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் டீச்சர் இதையெல்லாம் வெளியே சொல்கிறவர் இல்லை. அப்புறம் யார்தான் சொல்வது? அவளுக்குத் தெரிந்த வரைக்கும் நடந்தது இதுதான்.

கடலோரத்து உப்பளங்களுக்கு நடுவே, அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்காக ஓர் ஓலைக் கொட்டகை இருந்தது. முன்னால் முள்ளோடு ஓர் உடைமரம். மரத்தைத் தாண்டி வெயிலில் நாலைந்து கருங்கல் பலகைகள் கிடந்தன. எந்தக் கட்டிடத்துக்கோ கொண்டுவந்து இறக்கிவிட்டு மறந்துபோனவை.

அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர் அமலோற்பவம். சொர்ணக்கனியைவிடப் பத்து வயதாவது சின்னவர். சொர்ணக்கனி கஞ்சி காய்ச்சவும் இடம் கூட்டவும் வந்தவள்.

வந்த அன்றைக்கே அவள் கேட்டாள்.

"நான் ஏழாவதோட நின்னுட்டேன் டீச்சர். எனக்கும் எதாவது சொல்லித் தருவீங்களா?"

"பிள்ளைகளோட உக்காருங்க அக்கா."

அப்படித்தான் அந்தக் கொட்டகையில் எல்லாருக்கும் மூத்த மாணவி அவள் ஆனாள்.

டீச்சரின் பாடம் முக்கால்வாசி வெளியேதான் நடக்கும். செம்மண்ணைக் குழைத்து ஒரு சட்டி, கரியை இழைத்து ஒரு சட்டி, மஞ்சள் ஒரு சட்டி, சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சட்டி. பனைநாரைத் தட்டிப் பிரித்தால் தூரிகை. பிள்ளைகள் கல்லிலும் வரைவார்கள், தரையிலும் வரைவார்கள், பக்கத்துப் பிள்ளையின் முதுகிலும் வரைவார்கள்.

"மஞ்சள் மேல சுண்ணாம்புத் தண்ணி பட்டா என்ன ஆவும் டீச்சர்?"

"வரைஞ்சு பாரு."

மஞ்சள் சிவந்தது.

"ஏ, ஆரத்தித் தண்ணி" என்றாள் ரெபேக்கா. வாயாடிப் பிள்ளை. "இதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா, டீச்சர்?"

"பிழிஞ்சு பாரு."

சிவப்பு மறுபடி மஞ்சளானது. பிள்ளைகள் குதித்தார்கள். சொர்ணக்கனி மட்டும் சுண்ணாம்பு யார் கண்ணிலாவது தெறித்துவிடுமோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தாய்மார்கள் வருவார்கள்.

"ஏக்கா சொர்ணம், பிள்ளையப் படிக்க அனுப்புனோமா, வெள்ளையடிக்க அனுப்புனோமா?"

"எவன் வீட்டுச் செவுருக்கு இந்தக் கலரு? சொல்லுங்க, கூலி வாங்கிக்கிடுதோம்."

டீச்சர் சிரிப்பார். சொர்ணக்கனிக்குச் சிரிக்க வராது. பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்று அவளிடம் இருந்தது. அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். குழாய், உப்பு காய்கிற பாத்திகளைத் தாண்டி ரோட்டு வளைவில் இருந்தது. சாயம் கொட்டினாலும் போவாள், யாராவது குறை சொன்னாலும் போவாள், பிள்ளைகள் பதில் தெரியாத கேள்வி கேட்டாலும் போவாள். குடம் இடுப்பில் இருக்கும்வரை யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை.

டீச்சர் அதைப் பார்த்திருந்தார். ஒன்றும் சொன்னதில்லை.

ஒருநாள் மூன்று இலைகளில் மூன்று வெள்ளைப் பொடி வைத்தார். அரிசி மாவு, கோலப்பொடி, இடித்த உப்பு. சுண்ணாம்பை அன்றைக்கு வெளியே எடுக்கவேயில்லை.

"இதுல எது உப்பு?"

பிள்ளைகள் பார்த்தார்கள். தொட்டார்கள். ஊதினார்கள்.

"எங்கப்பா மாதிரி நாக்குல வச்சா தெரிஞ்சிரும்" என்றாள் ரெபேக்கா.

உப்பளத்தில் எல்லாரும் அப்படித்தான். பாத்தித் தண்ணீர் உப்பாக முற்றிவிட்டதா என்று பார்க்க விரலை விட்டு நாக்கில் வைப்பார்கள்.

"வாயில வைக்காதீங்கட்டி, வயித்த வலிக்கும்" என்றாள் சொர்ணக்கனி.

அதற்குள் எல்லா விரலும் எல்லா வாயிலும் இருந்தன. கோலப்பொடியை நக்கிய பிள்ளைகள் தூ தூ என்று துப்பின. இசக்கி மட்டும் உப்பைச் சரியாகத் தொட்டு, கண்ணை மூடிச் சப்பிக்கொண்டு, "எங்கம்மா கை மாதிரி இருக்கு" என்றாள்.

சொர்ணக்கனி குடத்தை எடுத்தாள்.

இசக்கிக்கு ஆறு வயது. அவள் அம்மா பேச்சியம்மா உப்பு வாரும் வேலை செய்தவள். ஆவணியில் காய்ச்சல் என்று டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரும்போது துணி மூடி வண்டியில் வந்தாள். இசக்கியை அப்போது சித்தி ஊரில் விட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டிவந்தார்கள்.

அவளைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அப்பா உச்சிமாகாளி கொட்டகைக்குள் வரவில்லை. வெளியே நின்று சொர்ணக்கனியைக் கூப்பிட்டான்.

"அக்கா, அவ அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க."

"எத்தனை நாளைக்குப்பா?"

"தெரியல. அவ அழுதா என்னால பாக்க முடியாது."

சொர்ணக்கனி சரி என்று தலையாட்டினாள். அவளுக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, "சொர்ணம் யாரு? உங்கம்மா போயிட்டா, வா" என்று சொன்னார். பையை எடுக்கக்கூட அவள் திரும்பிப் போகவில்லை. பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்று அன்றிலிருந்து அவள் நம்பினாள்.

புரட்டாசி வெயில். டீச்சர் சட்டிகளில் சாயம் கரைக்கவில்லை. வெறும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"இதுல என்னத்த வரைய?" என்றாள் ரெபேக்கா.

"உனக்குப் பிடிச்சத."

பிள்ளைகள் சுடுகல்லில் தண்ணீரால் வரைந்தார்கள். மீன், லாரி, காளை. வரைந்து முடிக்கும்முன் மீனுக்கு வால் இல்லாமல் போயிற்று. லாரிக்குச் சக்கரம் இல்லை. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து மறுபடி வரைந்தார்கள். கல் மறுபடி குடித்துவிட்டது.

இசக்கி சிரிக்கவில்லை. காய்ந்த கல்லைத் தடவிப் பார்த்தாள். டீச்சர் தள்ளி இருந்தார். பக்கத்தில் சொர்ணக்கனிதான் இருந்தாள்.

"அத்தை, தண்ணி எங்க போச்சு?"

வாயில் எது தயாராக இருந்ததோ அது வந்தது.

"ஊருக்குப் போயிருக்கு."

இசக்கி நிமிர்ந்தாள்.

"எங்கம்மா போன ஊருக்கா?"

சொர்ணக்கனி குடத்தைத் தேடினாள்.

பிள்ளைகள் போன பிறகு டீச்சர் தூரிகைகளை அலசிக்கொண்டிருந்தார். சொர்ணக்கனி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் சொன்னது தப்பா?"

"தண்ணியப் பத்திச் சொன்னதா, அவ அம்மாவப் பத்திச் சொன்னதா?"

"ரெண்டும் ஒண்ணாப் போச்சே டீச்சர்."

டீச்சர் அடுத்த தூரிகையை எடுத்தார்.

"ஒருத்தி இனிமே இல்லைங்கறத ஒரு பிள்ளைட்ட எப்படிச் சொல்லணும்? அதையாவது எனக்குச் சொல்லிக்குடுங்க."

"நாளைக்குக் கடைசிப் பாத்தியிலேர்ந்து ஒரு வாளி முத்துன தண்ணி கொண்டாங்க அக்கா."

"அது எதுக்கு?"

"வரைஞ்சு பாப்போம்."

மறுநாள் அந்தத் தண்ணீரில் வரைந்தார்கள். பார்க்க நேற்றுத் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது. விரலில் மட்டும் பிசுபிசுத்தது. வரைந்தது கொஞ்ச நேரத்தில் மங்கியது.

"இதுவும் போயிரும் பாரு" என்றாள் ரெபேக்கா.

"இரு" என்றார் டீச்சர்.

கல் காய்ந்தது. காயக் காய, ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு கோடு எழும்பியது. பிறகு இன்னொரு கோடு. பிள்ளைகள் குனிந்து மூச்சுவிடாமல் பார்த்தார்கள். தண்ணீர் போன இடமெல்லாம் உப்பு நின்றது.

இசக்கியின் கல்லில் ஒரு பொம்பளை நின்றாள். தலையில் துண்டு, புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் உப்பு வாரும் பலகை. முகம் மட்டும் பெரிசாக, கொஞ்சம் கோணலாக இருந்தது.

இசக்கி ஒரு விரலால் ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"டீச்சர், தண்ணி போயிட்டா?"

"போயிட்டு."

"திரும்பி வருமா?"

டீச்சர் அவள் அருகில் உட்காரக் குனிந்தார். அதற்குள் சொர்ணக்கனி முந்திக்கொண்டாள். ஏழாவது வரை படித்ததில் அவளுக்கு மறக்காமல் இருந்தது ஒன்றே ஒன்று.

"வராம எங்க போவும்? மேல போன தண்ணி மேகமாகி, மழையாத் திரும்பி வரும்லா?"

இசக்கியின் முகம் மலர்ந்தது.

"அப்ப அம்மாவும் மழையில வந்துருவா."

ரெபேக்காகூட வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் விஷயம் தெரியும்.

டீச்சர் சொர்ணக்கனியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் சொல்லட்டுமா அக்கா?"

"வேண்டாம் டீச்சர். அவ அப்பனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நானே அவன்ட்டயும் பேசி, நேரம் பாத்துச் சொல்லிருதேன்."

"மழைக்கு முன்னால சொல்லிருங்க."

"சொல்லிருதேன்."

டீச்சர் அவளை நம்பினார்.

சொர்ணக்கனி நேரம் பார்த்தாள். காலையில் பிள்ளை அப்போதுதான் வந்திருப்பாள், பாவம். மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள், அப்போது சொல்லக்கூடாது. சாயங்காலம் உச்சிமாகாளி வந்து நிற்பான், அவன் முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பேச்சு வராது.

உப்பளத்தில் மழை வேண்டும் என்று கேட்கிற ஒரே ஆள் இசக்கிதான்.

"இது என்ன பிள்ளைன்னு தெரியலக்கா" என்றான் உச்சிமாகாளி. "விடிஞ்சா வானத்தப் பாக்கா. மழை எப்ப வரும், எப்ப வரும்ங்கா. மழை பேஞ்சா நமக்கு அடுப்பு எரியாதுட்டின்னா, முறைக்கா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொர்ணக்கனி, "சின்னப் பிள்ளைதானப்பா" என்றாள்.

ஐப்பசி பிறந்து, ஒரு மத்தியானம் கிழக்கே கறுத்தது. பாத்திகளில் எல்லாரும் உப்புக் குவியல்களை மூட ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதல் துளி விழுந்ததும் இசக்கி எழுந்து ரோட்டைப் பார்க்க ஓடினாள். டவுனிலிருந்து வண்டி வருகிற ரோடு அது. கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, மழை அடிக்க அடிக்க நின்றாள்.

வண்டி ஒன்றும் வரவில்லை.

திரும்பியபோது, இத்தனை நாளும் யாரையும் தொடவிடாமல் அவள் காத்துவந்த கல் கண்ணில் பட்டது.

"அத்தை. அம்மா கரைஞ்சு போறா."

தலைத்துண்டு ஏற்கெனவே இல்லை. சட்டை கல்லோடு வழிந்துகொண்டிருந்தது. இசக்கி இரண்டு கையையும் முகத்துக்கு மேல் கூரை மாதிரி பிடித்தாள். விரல் இடுக்கில் தண்ணீர் இறங்கியது.

சொர்ணக்கனி கொட்டகையோரம் கிடந்த ஓலையை இழுத்துவந்து கல்லை மூடினாள். மேலே நாலு கல் வைத்தாள்.

"ஒண்ணும் ஆவாதுட்டி. உப்ப மூடி வைக்கம்லா, அது மாதிரி. அம்மா உள்ள பத்திரமா இருக்கா. காலையில வந்து பாரு."

"நிசமாவா?"

"நிசமாத்தான்."

டீச்சர் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிமாகாளி நனைந்தபடி வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவன் தோளுக்கு மேலாக இசக்கி ஓலையையே பார்த்துக்கொண்டு போனாள்.

காலையில் மழை விட்டிருந்தது. சொர்ணக்கனி எல்லாருக்கும் முன்னால் வந்து ஓலையைத் தூக்கினாள்.

கறுப்புக் கல். கழுவி வைத்த மாதிரி.

முற்றிய தண்ணீர் இல்லை. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர். இருந்திருந்தாலும் காயவைக்க வெயில் இல்லை. இடித்த உப்பைத் தூவினால் ஈரக்கல்லில் கரைந்துவிடும். அவள் கொட்டகைக்குள் போனாள். கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்தாள். முந்தானையால் கல்லைத் துடைத்தாள். தலைத்துண்டு போட்டாள், சட்டை போட்டாள், பலகை போட்டாள். முகத்தைக் கொஞ்சம் கோணலாகவே போட்டாள். கோலம் போட்டுப் பழகிய கை. நன்றாகத்தான் வந்தது. மேலே ஓலையை மூடினாள்.

டீச்சர் வந்தார். சொர்ணக்கனியின் கையில் வெள்ளை ஒட்டியிருப்பதைப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா அக்கா?"

"இன்னைக்குச் சொல்லிருவேன் டீச்சர். இது ஒரு நாளைக்குத்தான்."

இசக்கி ஓடி வந்தாள். அவளே ஓலையை இழுத்தாள். பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் உட்கார்ந்து, அந்தக் கொட்டகையில் படித்த பிள்ளை செய்கிறதைச் செய்தாள். விரலால் ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

துப்பவில்லை. இன்னொரு இடத்தில் தொட்டு வைத்தாள். முகத்தில் தொட்டு வைத்தாள். கையில் தொட்டு வைத்தாள்.

"அத்தை, இது உப்பு இல்ல."

சொர்ணக்கனி நின்றாள்.

"இது யாரு?"

சொர்ணக்கனி கையிலிருந்த வெள்ளையை முந்தானையில் துடைத்தாள்.

"மழை வந்துட்டே. எங்கம்மா எங்க அத்தை?"

கூரை ஓரத்தில் பச்சைக் குடம் இருந்தது. சொர்ணக்கனி குனிந்து அதைத் தூக்கினாள். கனத்தது.

"மழை பேஞ்சிருக்கு" என்றார் டீச்சர். "குடம் நிறைஞ்சுதான் இருக்கு அக்கா."

அது அவளுக்கும் தெரிந்தது. தண்ணீர் தளும்பிப் புடவையில் விழுந்தது. இசக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் கோலப்பொடி.

சொர்ணக்கனி நிறைந்த குடத்தோடு குழாயடிக்கு நடந்தாள்.

அங்கே போய் மழைத்தண்ணீரைக் கீழே கவிழ்த்தாள். குடத்தைக் குழாயின் அடியில் வைத்தாள். மெல்லிசாகத் திறந்தாள். யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

உப்பளம் வெட்டவெளி. தடுக்க ஒரு சுவர் கிடையாது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அழுகை வந்தது. ஒரு பிள்ளைக்குள் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. இல்லை, நினைத்திருக்கிறாள். ஒருமுறை அது அவளுக்குள்ளேயே இருந்தது. வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். குடம் நிறைந்து வழிந்தது. அழுகை நிற்கும்வரை வழியவிட்டாள்.

திரும்பி வரும்போது டீச்சர் ஈரக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் இசக்கி தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் விம்மல் வந்து வந்து போனது. ரெபேக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்லில் இருந்த கோலப்பொடி அம்மா மூன்று பேர் புடவையிலும் பாவாடையிலும் ஒட்டி, பாதி அழிந்திருந்தாள்.

சொர்ணக்கனி எட்டவே நின்றாள்.

"பிள்ளைட்ட என்ன சொன்னீங்க டீச்சர்?"

டீச்சர் இசக்கியின் உதட்டிலிருந்த வெள்ளையை விரலால் துடைத்தார்.

"குடத்துல என்னக்கா?"

"தண்ணி."

"போவும்போதும் தண்ணி இருந்ததே. அது எங்க?"

"கொட்டிட்டேன். போயிட்டு."

டீச்சர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை.

"ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லலையே அக்கா நீங்க. நானும் சொல்லல."

இசக்கி எந்த நேரமும் விழித்துக்கொள்ளலாம். எதற்கும் இருக்கட்டும் என்று சொர்ணக்கனி குடத்தைக் கீழே இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.